கூரையிலே சொர்க்கம், வாசலிலே கொலை மேடை!

1649-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி. செவ்வாய்க்கிழமை. லண்டன் நகரில் கடுங்குளிர். தேம்ஸ் நதியில் பனிக்கட்டி மிதந்தது.

அன்று காலையில் ஒரு மனிதர் இரண்டு சட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக் கொண்டார். குளிரில் உடம்பு நடுங்கினால், பயந்து நடுங்குகிறார் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நினைத்து விடுவார்கள். அந்தப் பெயர் வரக்கூடாது என்பது அவருடைய கவலை.

அவர் இங்கிலாந்தின் மன்னர் முதலாம் சார்லஸ். அன்றைக்கு அவருடைய தலையை வெட்டப் போகிறார்கள்.

வெட்டப் போகிறவர்கள் வெளிநாட்டுப் படை அல்ல. சொந்த நாட்டுக் குடிமக்கள். வழக்குப் போட்டு, விசாரணை நடத்தி, தீர்ப்பு எழுதி, அதில் கையெழுத்தும் போட்டிருந்தார்கள்.

கொலை மேடைக்கு அவர் போக வேண்டிய வழியில் ஒரு பெரிய மண்டபம் இருந்தது. அதன் கூரை முழுவதும் வண்ண ஓவியங்கள். மன்னர் ஒருவர் கழுகின் மேல் ஏறிச் சொர்க்கத்துக்குப் போகும் காட்சி நடுவில் இருந்தது. அதை எழுதச் சொன்னவரே சார்லஸ்தான். தாம் எழுதச் சொன்ன சொர்க்கத்தின் கீழே நடந்துதான் அவர் கொலை மேடைக்குப் போனார்.

திக்குவாய்ப் பிள்ளை

சார்லஸ் 1600-ம் ஆண்டு நவம்பர் 19-ந் தேதி ஸ்காட்லாந்து நாட்டில் பிறந்தார். தந்தை அந்த நாட்டு மன்னர் ஜேம்ஸ். தாய் டென்மார்க் தேசத்து இளவரசி ஆன்.

பிறக்கும்போதே நோஞ்சான் குழந்தை. கால்களில் வலுவில்லை. நடக்கவும் பேசவும் வெகு நாள் ஆயிற்று. பேச்சு வந்த பிறகு திக்குவாய் கூடவே வந்து விட்டது. 1603-ல் எலிசபெத் ராணி வாரிசில்லாமல் இறந்ததால் இங்கிலாந்தின் முடியும் ஜேம்சுக்குக் கிடைத்தது. குடும்பம் லண்டனுக்குப் புறப்பட்டது. சார்லசை மட்டும் உடனே கூட்டிப் போகவில்லை. அவ்வளவு தூரப் பிரயாணத்தைக் குழந்தை தாங்காது என்று பயந்தார்கள். அடுத்த ஆண்டுதான் அழைத்துக் கொண்டார்கள்.

சார்லசுக்கு ஹென்றி என்று ஓர் அண்ணன். அழகன், திடகாத்திரமானவன், குதிரை ஏற்றத்தில் சூரன். பட்டத்துக்கு உரியவனும் அவனே. தம்பிக்கு அண்ணன் மேல் கொள்ளை ஆசை. 1612-ல் ஹென்றி விஷக் காய்ச்சலில் இறந்து போனான். அவனுக்கு வயது 18. திக்கித் திக்கிப் பேசிய, 12 வயது நிரம்பாத பிள்ளை பட்டத்து இளவரசன் ஆனான்.

ஜேம்ஸ் மன்னர் படித்தவர். புத்தகங்கள் எழுதியவர். அவர் பிள்ளைக்குச் சொல்லித் தந்த முதல் பாடம் இது: மன்னர்களை நியமிப்பது கடவுள். பூமியில் கடவுளுடைய ஆசனத்தில் உட்கார்ந்திருப்பவன் மன்னன். அவன் தவறு செய்தாலும் கேட்கும் உரிமை கடவுளுக்கு மட்டுமே உண்டு. பிள்ளை தகப்பனைக் கேள்வி கேட்கலாமா? கால் தலையைக் கேள்வி கேட்கலாமா? 1610-ல் பார்லிமெண்டு அங்கத்தினர்களை வைத்துக் கொண்டே ஜேம்ஸ் இதைப் பேசினார்.

ஆனால் ஜேம்ஸ் காரியக்காரர். வாய் பெரிதாகப் பேசினாலும், பணம் வேண்டுமென்றால் பார்லிமெண்டிடம் இறங்கி வரத் தெரிந்தவர். பிள்ளை தகப்பனாருடைய சொல்லைக் கற்றுக் கொண்டார். சாமர்த்தியத்தைக் கற்கவில்லை.

ஒட்டுத் தாடியுடன் ஒரு பிரயாணம்

1623-ல் சார்லசுக்குப் பெண் பார்க்கும் பேச்சு நடந்தது. பெண், ஸ்பெயின் மன்னரின் தங்கை. தூதர்களின் பேச்சு இழுத்துக் கொண்டே போயிற்று. பொறுமை இழந்த இளவரசர், பக்கிங்காம் என்ற பிரபுவைக் கூட்டிக் கொண்டு தாமே ஸ்பெயினுக்குப் புறப்பட்டு விட்டார். இருவரும் ஒட்டுத் தாடி வைத்துக் கொண்டு, ஸ்மித் என்று பொய்ப் பெயரும் சூட்டிக் கொண்டு குதிரையில் போனார்கள். சினிமாவில் வருவதுபோல் இருந்தாலும் நடந்த சம்பவம் இது.

கல்யாணம் கைகூடவில்லை. ஆனால் மாட்ரிட் அரண்மனைச் சுவர்களில் மாட்டியிருந்த ஓவியங்களைப் பார்த்து இளவரசர் பிரமித்துப் போனார். அவற்றில் பல, டிஷியன் என்ற இத்தாலிய மேதை எழுதியவை. படத்தில் இருக்கும் அரசர் வாய் திறப்பதில்லை. ஆணையிடுவதும் இல்லை. ஆனாலும் பார்ப்பவன் தன்னை அறியாமல் தலை வணங்குகிறான். பேச்சு வராத ஒருவருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

மணப்பெண் இல்லாமல் திரும்பிய சார்லஸ், படங்களோடு திரும்பினார். ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தி வேட்டை நாயுடன் நிற்கும் டிஷியன் ஓவியத்தை ஸ்பெயின் மன்னரே அவருக்குப் பரிசாகக் கொடுத்தார்.

1625-ல் ஜேம்ஸ் இறந்தார். 24 வயதில் சார்லஸ் மன்னரானார். அதே ஆண்டில் பிரெஞ்சு மன்னரின் தங்கை ஹென்ரியெட்டா மரியாவை மணந்தார். பெண்ணுக்கு 15 வயது. அவள் கத்தோலிக்க மதம். இங்கிலாந்து மக்களில் பெரும்பாலோர் பிராட்டஸ்டண்டுகள். ஊரில் முணுமுணுப்பு கிளம்பியது.

பட்டத்துக்கு வந்த சில ஆண்டுகளில், இத்தாலியில் மாண்டுவா என்ற ஊர்ப் பிரபு குடும்பம் நொடித்துப் போய்த் தன் ஓவியச் செல்வத்தை விற்பதாகச் சேதி வந்தது. கஜானாவில் பணம் இல்லை. அந்தச் சமயத்தில் பிரான்சுடன் சண்டை வேறு. ஆனாலும் சார்லஸ் வாங்கினார். ஜூலியஸ் சீசரின் வெற்றி ஊர்வலத்தைக் காட்டும் 9 பெரிய ஓவியங்களும் அப்படி வந்து சேர்ந்தவைதான்.

அவருடைய சேகரிப்பில் பழைய இங்கிலாந்துப் படம் ஒன்றும் இருந்தது. இரண்டு மரப் பலகைகளைப் புத்தகம்போல் மடிக்கும்படி செய்தது. இரண்டாம் ரிச்சர்டு என்ற மன்னர் மண்டியிட்டிருக்கிறார். எதிரே மேரி மாதா, குழந்தை ஏசு, சுற்றிலும் தேவதூதர்கள். அந்தத் தேவதூதர்கள் அத்தனை பேரும் ரிச்சர்டு மன்னரின் வெள்ளை மான் சின்னத்தை மார்பில் அணிந்திருக்கிறார்கள்! சொர்க்கமே மன்னரின் கட்சி. ஆனால் அந்த ரிச்சர்டை 1399-ல் நாற்காலியிலிருந்து இறக்கி விட்டார்கள். மறு ஆண்டு அவர் சிறையில் செத்தார். இந்தச் சரித்திரம் சார்லசுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

பிணத்தையும் கொடுக்கவில்லை

பணம் கேட்டால் பார்லிமெண்டு கணக்குக் கேட்டது. பார்லிமெண்டு இல்லாமல் பணம் வசூலித்தால் மக்கள் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களை மன்னர் விசாரணை இல்லாமல் சிறையில் போட்டார். 1628-ல் பார்லிமெண்டு ஓர் உரிமை மனுவை எழுதி மன்னரிடம் நீட்டியது. எங்கள் சம்மதம் இல்லாமல் வரி கூடாது, காரணம் காட்டாமல் சிறை கூடாது என்பது அதன் சாரம். சார்லஸ் வேண்டா வெறுப்பாக ஒப்புக் கொண்டார். மறு ஆண்டே பார்லிமெண்டைக் கலைத்து விட்டார். அதன் பிறகு 11 ஆண்டுகள் கூட்டவே இல்லை.

ஜான் எலியட் என்ற அங்கத்தினர் பார்லிமெண்டில் துணிந்து பேசியவர். அவரை லண்டன் கோபுரச் சிறையில் அடைத்தார்கள். அங்கே நோயில் விழுந்தார். 1632-ல் செத்தும் போனார். சொந்த ஊரில் அடக்கம் செய்ய உடலைத் தாருங்கள் என்று மகன் மன்றாடினான். செத்த இடத்திலேயே புதைக்கலாம் என்று மன்னர் பதில் சொல்லி அனுப்பினார்.

சார்லஸ் கொடியவர் அல்ல. மனைவி மக்களிடம் அன்பானவர். குடி, கூத்து இல்லாதவர். பக்தர். ஆனாலும் அந்த மகனின் மனுவைப் படித்தபோது அவர் மனம் இளகவில்லை. மன்னரை எதிர்த்தவன் கடவுளை எதிர்த்தவன் என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணம் புகுந்த மனத்தில் இரக்கத்துக்கு இடமில்லை.

9 ஓவியங்கள், 3,000 பவுன்

ஒயிட்ஹால் அரண்மனையில் விருந்து மண்டபம் ஒன்றை ஜேம்ஸ் மன்னர் கட்டியிருந்தார். இனிகோ ஜோன்ஸ் என்ற சிற்பி அமைத்த கட்டிடம். 1622-ல் முடிந்தது. வெளிநாட்டுத் தூதர்கள் மன்னரைப் பேட்டி காணும் இடம் அது. அதன் கூரை வெறுமையாகக் கிடந்தது.

1629-ல் ரூபன்ஸ் லண்டனுக்கு வந்தார். ஐரோப்பாவில் அவரை அறியாத அரண்மனை இல்லை. ஓவியர் மட்டும் அல்ல, ராஜதந்திரியும்கூட. ஸ்பெயினுக்கும் இங்கிலாந்துக்கும் சமாதானம் பேச வந்திருந்தார். சார்லஸ் அவருக்கு வீரப் பட்டம் அளித்து, கூரைக்கு ஓவியம் எழுதும் வேலையையும் கொடுத்தார். ரூபன்ஸ் ஊருக்குத் திரும்பி, ஆண்ட்வெர்ப் நகரில் தம் பட்டறையில் துணிகளில் எழுதினார். மொத்தம் 9 ஓவியங்கள். 1635-ல் அவை லண்டன் வந்தன. மறு ஆண்டு கூரையில் பொருத்தினார்கள். கூலி 3,000 பவுன். ஒரு தங்கச் சங்கிலியும் உண்டு.

நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு பெரிய ஓவியம். அதில் கிழவர் ஜேம்ஸ் மன்னர் கழுகின் மேல் அமர்ந்திருக்கிறார். காலடியில் உலக உருண்டை. நீதி தேவதை கைகொடுத்து அவரை மேலே தூக்குகிறாள். சிறகு முளைத்த குழந்தைகள் கிரீடத்தையும் செங்கோலையும் சுமக்கின்றன. இன்னொரு ஓவியத்தில் ஜேம்ஸ் முறுக்குத் தூண்களுக்கு இடையில் வீற்றிருக்கிறார். சமாதானமும் செழிப்பும் இரண்டு பெண்களாக வந்து கட்டித் தழுவுகின்றன. கலகம் செய்தவர்களை அறிவுத் தெய்வம் நரகத்தில் தள்ளுகிறது. மூன்றாவதில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இரண்டு பெண்களாக நின்று, ஒரு குழந்தையின் தலைக்கு மேல் கிரீடத்தைப் பிடிக்கின்றன. அந்தக் குழந்தை சார்லஸ்தான் என்று கருதுவோரும் உண்டு.

உண்மையில் ஜேம்ஸ் மன்னர் மூட்டு வலியால் அவதிப்பட்டு, கடனை வைத்துவிட்டுச் செத்தவர். கூரையைப் பார்ப்பவர்களுக்கு அது நினைவுக்கு வராது.

அந்த மண்டபத்தில் முன்பு ராத்திரி நேரங்களில் நாட்டிய நாடகங்கள் நடக்கும். தீவட்டிப் புகை பட்டு ஓவியம் கெட்டுவிடும் என்று சார்லஸ் அவற்றை நிறுத்தி விட்டார். நாடகத்துக்கென்று பக்கத்தில் தனியாக ஒரு மரக் கொட்டகை போடச் செய்தார்.

குள்ளரை உயர்த்திய தூரிகை

எலியட் சிறையில் செத்த அதே 1632-ல் வான்டைக் என்ற ஓவியர் லண்டனுக்கு வந்தார். ரூபன்சிடம் வேலை பார்த்தவர். மன்னர் அவருக்கு வீரப் பட்டமும், ஆண்டுக்கு 200 பவுன் சம்பளமும், நதிக்கரையில் வீடும் கொடுத்தார். படகில் ஏறி ஓவியர் வீட்டுக்கு மன்னரே போவது உண்டு.

சார்லஸ் சுமார் 5 அடி 4 அங்குலம்தான் இருப்பார். வான்டைக் எழுதிய படங்களில் அது தெரியாது. மன்னரைக் குதிரையில் ஏற்றி, அண்ணாந்து பார்ப்பதுபோல் எழுதினார். ஒரு படத்தில் வெற்றி வளைவுக்குள் நுழைந்து வருகிறார் மன்னர். இன்னொன்று 12 அடி உயரம். அதில் கவசம் பூண்டு, வானத்தைப் பின்னணியாகக் கொண்டு, ரோமாபுரிச் சக்கரவர்த்திபோல் காட்சி தருகிறார். மூன்றாவதில் முடியும் இல்லை, கவசமும் இல்லை. வேட்டையில் இளைப்பாற இறங்கி நிற்கிறார். ஆனால் குதிரையே அவருக்குத் தலை குனிகிறது!

மகாராணிக்கும் இந்தச் சலுகை கிடைத்தது. படத்தை மட்டும் பார்த்திருந்த நாத்தனார் மகள் சோபியா, பின்னால் மகாராணியை நேரில் பார்த்துத் திகைத்துப் போனாள். படத்தில் பேரழகி. நேரில் குட்டையான உருவம், மெலிந்த கைகள், துருத்திய பற்கள். அதை அந்தப் பெண் வயதான பிறகு எழுதியும் வைத்து விட்டாள்.

மன்னரின் முகத்தை மூன்று பக்கத்திலிருந்தும் ஒரே துணியில் வான்டைக் எழுதிக் கொடுத்தார். அதை ரோமாபுரிக்கு அனுப்பி, பெர்னினி என்ற சிற்பியைக் கொண்டு சலவைக் கல்லில் மார்பளவுச் சிலை செய்வித்தார்கள். மன்னரை நேரில் காணாத பெர்னினி, படத்திலுள்ள முகத்தில் துக்க ரேகை ஓடுவதாகச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, அந்தப் படத்தைப் பார்க்கிறவர்களுக்கு அந்த எண்ணம் வரத்தான் செய்கிறது.

அரண்மனைக்கு வெளியே ஏழை எளியவர்களுக்கும் மன்னரின் தெய்வீகம் ஒரு வழியில் எட்டியது. கழுத்தில் கண்டமாலை நோய் வந்தவர்கள் மன்னரைத் தேடி வருவார்கள். அவர் கையால் தொட்டால் நோய் தீரும் என்று நம்பிக்கை. தொட்ட பிறகு ஒரு தங்கக் காசைக் கழுத்தில் கட்டி விடுவார்கள். அதில் தேவதூதர் ஒருவர் அரக்கப் பாம்பை வதைக்கும் உருவம் இருக்கும்.

கடைசி நாடகம்

படங்களுக்கும் அரண்மனைக்கும் பணம் போதவில்லை. கடற்கரை ஊர்களில் மட்டும் யுத்த காலத்தில் வாங்கும் கப்பல் வரியை, சமாதான காலத்தில் நாடு முழுவதும் விதித்தார் சார்லஸ். கடலையே பார்க்காத ஊர்க்காரனும் கப்பலுக்குக் கட்ட வேண்டியிருந்தது. ஜான் ஹாம்டன் என்ற நிலச்சுவான்தார் மறுத்துக் கோர்ட்டுக்குப் போனார். 12 நீதிபதிகளில் 7 பேர் மன்னர் பக்கம், 5 பேர் ஹாம்டன் பக்கம். மன்னர் ஜெயித்தார். ஆனால் 5 நீதிபதிகள் மன்னருக்கு எதிராகப் போனார்கள் என்ற சேதிதான் ஊரெல்லாம் பரவியது.

1637-ல் ஸ்காட்லாந்து மக்கள் மீது புதிய பிரார்த்தனைப் புத்தகம் ஒன்றைத் திணித்தார். கோவிலிலேயே கலவரம் வெடித்தது. ஸ்காட்லாந்தார் ஆயுதம் எடுத்தார்கள். 1639-ல் மன்னர் அவர்கள் மேல் படையெடுத்துக் காரியம் ஆகாமல் திரும்பினார். கிழக்கிந்தியக் கம்பெனியார் நம் சென்னைக் கடற்கரையில் கோட்டை கட்ட இடம் பெற்றதும் அதே 1639-ல்தான். மன்னருக்கு அப்போது அதைப்பற்றிச் சிந்திக்க நேரம் இருந்திராது.

1640 ஜனவரியில் மரக் கொட்டகையில் ஒரு நாட்டிய நாடகம் நடந்தது. சார்லசே வேஷம் கட்டினார். அவருடைய பாத்திரத்தின் பெயர், மக்களை நேசிப்பவன் என்று பொருள்படும். மகாராணி மேகத்திலிருந்து இறங்கி வந்தாள். புயலும் பகையும் மன்னரைக் கண்டதும் ஓடி ஒளிந்தன. சபையோர் கைகொட்டினார்கள். அதற்குப் பிறகு அந்த அரண்மனையில் அவர் நாடகம் ஆடவில்லை.

யுத்தச் செலவுக்குப் பணம் இல்லாமல் அந்த ஆண்டே பார்லிமெண்டைக் கூட்ட வேண்டி வந்தது. 11 ஆண்டுக் கோபத்தோடு அங்கத்தினர்கள் வந்தார்கள். மன்னரின் வலக்கையான ஸ்டிராபோர்டு பிரபுவின் தலையைக் கேட்டார்கள். உன் உயிருக்கு நான் பொறுப்பு என்று அவருக்கு மன்னர் வாக்குக் கொடுத்திருந்தார். தெருவில் கூட்டம் கூடியது. அரண்மனையில் மனைவி மக்கள். 1641 மே மாதம் மன்னர் மரண உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பாவத்தைச் சாகும் வரை அவர் மறக்கவில்லை.

அந்த டிசம்பரில் வான்டைக் இறந்தார். வயது 42.

அடுத்த மாதம், 1642 ஜனவரி 4-ந் தேதி, சிப்பாய்களுடன் சார்லஸ் பார்லிமெண்டுக்குள் நுழைந்தார். 5 அங்கத்தினர்களைக் கைது செய்ய வேண்டும் என்றார். அவர்கள் முன்னமே தப்பி விட்டார்கள். எங்கே என்று கேட்டதற்குச் சபாநாயகர் பதில் சொல்ல மறுத்தார். மன்னர் வெறுங்கையுடன் திரும்பி நடந்தார். சில நாட்களில் லண்டனை விட்டே வெளியேறினார்.

ஆகஸ்டு 22-ந் தேதி நாட்டிங்காம் நகரில் யுத்தக் கொடி ஏற்றினார். காற்றில் அந்தக் கொடி கீழே விழுந்து விட்டது. யுத்தம் தொடங்கியது. தகப்பன் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் நின்று சண்டையிட்ட குடும்பங்கள் உண்டு. 1645 ஜூன் 14-ந் தேதி நேஸ்பி என்ற ஊரில் மன்னர் படை நொறுங்கியது. மறு ஆண்டு அவர் சரணடைந்தார். தப்பி ஓடினார், மறுபடி பிடிபட்டார். சிறையில் இருந்தபடியே ஸ்காட்லாந்தாருடன் ரகசியம் பேசி இரண்டாவது யுத்தத்தைக் கிளப்பினார். அதிலும் தோல்விதான்.

இந்த மனிதரை நம்ப முடியாது என்று ராணுவம் முடிவு கட்டியது. ராணுவத் தலைவர்களில் முக்கியமானவர் கிராம்வெல்.

குனிந்து எடுத்தார்

1649 ஜனவரி 20-ந் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் விசாரணை. நீதிபதிகளின் தலைவர் பிராட்ஷா, யாராவது சுட்டு விடுவார்களோ என்று பயந்து உள்ளே இரும்புத் தகடு வைத்த தொப்பி போட்டிருந்தார்.

குற்றப் பத்திரிகை படிக்கத் தொடங்கிய வக்கீலைத் தடுக்க, மன்னர் தம் கைத்தடியால் அவர் தோளில் தட்டினார். தடியின் வெள்ளிப் பூண் கழன்று தரையில் விழுந்தது. யாராவது எடுத்துத் தருவார்கள் என்று காத்திருந்தார். 48 ஆண்டு வாழ்வில் அவர் கீழே போட்ட பொருளை அவரே எடுத்ததில்லை. யாரும் அசையவில்லை. கடைசியில் அவரே குனிந்து எடுத்தார்.

எந்த அதிகாரத்தால் என்னை விசாரிக்கிறீர்கள் என்பதே அவருடைய ஒரே கேள்வி. குற்றவாளியா இல்லையா என்பதற்குப் பதில் சொல்லவே மறுத்து விட்டார். ஆச்சரியம் என்னவென்றால், அந்த நாட்களில் அவருடைய திக்குவாய் நின்று விட்டது. ராணுவ பலத்தால் ஒரு மன்னனையே இப்படி நடத்தலாம் என்றால் சாதாரணக் குடிமகனின் கதி என்ன என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஜான் எலியட்டும் சிறையில் அதைத்தான் கேட்டிருப்பார்.

மரண உத்தரவில் 59 பேர் கையெழுத்திட்டார்கள்.

ஜனவரி 29-ந் தேதி, லண்டனில் இருந்த இரண்டு குழந்தைகளைக் காட்டினார்கள். எலிசபெத்துக்கு 13 வயது. ஹென்றிக்கு 8 வயது. மகனை மடியில் உட்கார வைத்துக் கொண்டார். அப்பாவின் தலையை வெட்டப் போகிறார்கள், பிறகு உன்னை மன்னராக்கப் பார்ப்பார்கள், அண்ணன்மார் உயிரோடு இருக்கும்போது நீ சம்மதிக்கக் கூடாது என்று சொன்னார். என்னைத் துண்டு துண்டாக வெட்டினாலும் சம்மதிக்க மாட்டேன் என்றது பிள்ளை. மன்னர் அழுதார்.

மறுநாள் காலை பூங்கா வழியாக நடத்திக் கொண்டு போனார்கள். முரசு கொட்டிய சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. ஒயிட்ஹால் அரண்மனையில் சில மணி நேரம் காக்க வைத்தார்கள். காரணம், மன்னர் செத்ததும் மகனை மன்னர் என்று யாரும் அறிவிக்கக் கூடாது என்ற சட்டத்தைப் பார்லிமெண்டு அவசரமாக நிறைவேற்றிக் கொண்டிருந்தது. ஒரு துண்டு ரொட்டி, ஒரு கிண்ணம் திராட்சை மது. அதுதான் கடைசி ஆகாரம்.

பகல் 2 மணி சுமாருக்கு விருந்து மண்டபத்தின் வழியே அவரை அழைத்துப் போனார்கள். மேலே ஜேம்ஸ் மன்னர் கழுகில் பறந்து கொண்டிருந்தார். கலகக்காரர்கள் நரகத்தில் விழுந்து கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக வெளியே வந்தார். கறுப்புத் துணி போர்த்திய மேடை. முகமூடி அணிந்த வெட்டியான். சுற்றிலும் சிப்பாய்கள்.

மக்களின் சுதந்திரம் என்பது சட்டப்படி வாழ்வது, ஆட்சியில் பங்கு கேட்பது அல்ல, அரசன் வேறு, குடி வேறு என்று கடைசிப் பேச்சிலும் சொன்னார். கூட்டத்துக்கு அது கேட்கவில்லை. கட்டை மிகத் தாழ்வாக இருந்ததால் மண்டியிட முடியாமல் படுத்துக் கொண்டார். ஒரே வெட்டு. கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. அதைக் கேட்ட ஓர் இளைஞர், அதுபோன்ற சத்தத்தை அதற்கு முன் கேட்டதில்லை என்று பின்னாளில் குறித்து வைத்தார்.

எல்லோரும் வாங்கிய படம்

மன்னரின் தலை விழுந்த சில நாட்களில் லண்டன் கடைகளில் ஒரு சிறு புத்தகம் விற்பனைக்கு வந்தது. அதன் கிரேக்கப் பெயருக்கு மன்னரின் உருவப்படம் என்று பொருள். சிறையிலிருந்து மன்னரே எழுதிய பிரார்த்தனைகள் என்று சொல்லி விற்றார்கள். முதல் பக்கத்தில் ஒரு படம். வில்லியம் மார்ஷல் என்பவர் செதுக்கியது. மன்னர் மண்டியிட்டிருக்கிறார். தங்க முடி காலடியில் கிடக்கிறது. கையில் முள்முடி. கண்கள் வானத்தில் தெரியும் ஒளி முடியைப் பார்க்கின்றன. பின்னால் புயல் அடித்தும் அசையாத பாறை. பாரம் கட்டித் தொங்கவிட்டும் வளையாத பனை மரம்.

ரூபன்சின் கூரையைத் தூதர்களும் பிரபுக்களும் மட்டுமே பார்த்தார்கள். வான்டைக்கின் படங்கள் அரண்மனைச் சுவரில் இருந்தன. இந்தப் படத்தைத் தச்சனும் தையற்காரனும் வாங்கினார்கள். எழுத்துத் தெரியாதவர்கள் படத்தை மட்டும் பார்த்து அழுதார்கள். அந்த ஓர் ஆண்டில் 30-க்கு மேற்பட்ட பதிப்புகள். புதிய அரசாங்கம் திடுக்கிட்டு, மகாகவி மில்டனைக் கொண்டு மறுப்புப் புத்தகம் எழுதச் செய்தது. அதை அவ்வளவு பேர் வாங்கவில்லை. உயிரோடு இருந்தபோது 3,000 பவுன் கொடுத்தும் கிடைக்காத பக்தி, செத்த பிறகு சிறு புத்தகத்தின் ஒரு பக்கத்தால் கிடைத்து விட்டது.

மன்னர் சேகரித்த சுமார் 1,500 ஓவியங்களையும் சிலைகளையும் புதிய அரசாங்கம் விற்றது. அரண்மனையில் வேலை செய்துவிட்டுக் கூலி வராமல் காத்திருந்தவர்களுக்குப் பணத்துக்குப் பதில் படங்களைக் கொடுத்தார்கள். குழாய் வேலைக்காரர் ஒருவர் வீட்டுக்கு டிஷியன் ஓவியம் போய்ச் சேர்ந்தது! நாயுடன் நிற்கும் சக்கரவர்த்தி மறுபடி ஸ்பெயினுக்கே போய் விட்டார். குதிரை தலை குனியும் வேட்டைப் படம் பல கை மாறி, 1775-ல் பிரெஞ்சு மன்னர் 16-ம் லூயியிடம் வந்தது. 18 ஆண்டுகள் கழித்து அவருடைய தலையையும் அவருடைய குடிமக்கள் வெட்டினார்கள். படம் இன்று பாரிஸ் லூவர் காட்சிசாலையில் இருக்கிறது.

ரூபன்சின் கூரையை மட்டும் யாரும் தொடவில்லை. 1660-ல் சார்லசின் மூத்த மகன் இரண்டாம் சார்லஸ் நாடு திரும்பி மன்னரானார். 1698-ல் ஒயிட்ஹால் அரண்மனை தீப்பிடித்து எரிந்தது. பெர்னினி செய்த சலவைக்கல் முகம் அதில் அழிந்தது. விருந்து மண்டபம் தப்பியது.

இன்னொரு பொருளும் தப்பியது. 1633-ல் லெ சுயர் என்ற சிற்பி வார்த்த வெண்கலச் சிலை அது. குதிரை மேல் சார்லஸ் மன்னர். ஆளை முழு 6 அடி உயரத்துக்கு வார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். யுத்தத்துக்குப் பிறகு அதை உடைத்து உருக்கும்படி ஒரு கன்னாரிடம் விற்றார்கள். அவர் உருக்கவில்லை. மண்ணில் புதைத்து வைத்தார். உருக்கிய வெண்கலம் என்று சொல்லிக் கத்திப்பிடிகள் செய்து, மன்னரின் நினைவுப் பொருளாக விற்றுக் காசும் பார்த்தார் என்பார்கள். மகன் ஆட்சிக்கு வந்ததும் சிலை முழுசாக வெளியே வந்தது.

1675-ல் அதை லண்டன் சேரிங் கிராஸ் சந்தியில் நிறுத்தினார்கள். மரண உத்தரவில் கையெழுத்திட்டவர்களில் சிலரைத் தூக்கிலிட்ட அதே இடம். லண்டனிலிருந்து மற்ற ஊர்களுக்கு மைல் கணக்கை அந்தச் சிலையிலிருந்துதான் அளக்கிறார்கள். குதிரையின் முகம் ஒயிட்ஹால் வீதியைப் பார்க்கிறது. அந்த வீதியில் சிறிது தூரம் நடந்தால், இடது பக்கத்தில் விருந்து மண்டபம்.